இரண்டாம் மாடி ஸ்விட்ச்சுகள்

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. திருக்கழுக்குன்றத்தில் ஏறி செங்கல்பட்டு வரை நின்றபடியே வந்தேன். ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததும் சம்பத் சார் கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க அவர் கையில். நெட்வொர்க் மட்டும் என் கையில். தணிக்கைக்கு வந்தவர்கள் அறிக்கை கொடுத்துவிட்டார்களாம். இரண்டாம் மாடி ஸ்விட்ச்சுகளில் ஓடும் ஃபர்ம்வேர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், மிகப் பழையது, வெளியாள் யார் வேண்டுமானாலும் உள்ளே புகலாம், இந்த மாதத்துக்குள் புதுப்பித்தாக வேண்டும். சரிதான். நானும் இரண்டு வருடமாக அதைத்தானே சொல்கிறேன்.

அந்த மாடியின் அத்தனை கேபிளும் வந்து முடிவது அந்த ஐந்து ஸ்விட்ச் பெட்டிகளில். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதுகுப்பக்கம் இணைத்து, ஐந்தும் ஒரே பெட்டிபோல் வேலை செய்கின்றன. மேலே மூன்று புது மாடல். கீழே இரண்டு, ஆஸ்பத்திரி திறந்த காலத்தில் வாங்கிய பழைய மாடல். ஐந்திலும் ஒரே பதிப்பு ஓட வேண்டும். ஒன்று பிந்தினாலும் மற்றவை அதைச் சேர்த்துக்கொள்ளாது. ஆனால் இரண்டு மாடலுக்கும் ஃபைல் வேறு வேறு.

"பழசு ரெண்டையும் மாத்திட்டு செஞ்சுடலாம் சார்" என்றேன்.

"இந்த வருசம் ஒண்ணும் வாங்க முடியாதும்மா. இருக்கறத வச்சு ஓட்டு."

ஆகஸ்ட் 9, சனி

கம்பெனிக்காரன் போட்டிருக்கும் குறிப்பை இரண்டு முறை படித்தேன். பழைய மாடலுக்கும் இந்தப் பதிப்பு போடலாம் என்றுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் எதையும் போட முடியாது. அது பரவாயில்லை.

பயப்பட வைத்தது வேறு. பழைய இரண்டிலும் உள்ளே இடம் மிகக் குறைவு. இப்போது ஓடுவதை அழித்தால்தான் புதியதை ஏற்ற முடியும். மேலே உள்ள மூன்றில் பழையது ஓரமாகப் பத்திரமாக இருக்கும்; சரிவரவில்லை என்றால் திரும்பிவிடலாம். கீழே இரண்டில் திரும்புவதற்கு எதுவும் இருக்காது.

சம்பத் சாரிடம் சொன்னேன்.

"இன்னா பிரதீபா, ராக்கெட்டா வுடப் போற? போன்ல தெனம் அப்டேட் வருது, பண்றோம். அது மாதிரி தான். சும்மா பேஜார் பண்ணாத."

நான் மேற்கொண்டு பேசவில்லை. எனக்குப் பேசத் தெரியும். பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

24ஆம் தேதி ஞாயிறு காலை என்று முடிவாகிவிட்டது. அன்று வெளிநோயாளிகள் கிடையாது. உள்நோயாளிகள்? அதை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கேன்டீனில் ஷபானாவோடு சாப்பிட்டேன். இரண்டாம் மாடியில் இதய வார்டு அவள் பொறுப்பு. ஐசியுவில் கொஞ்சம் தேறியவர்களை அங்கே கொண்டுவந்து, ஆளுக்கொரு தனி அறையில் வைப்பார்கள். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு மானிட்டர். எல்லா மானிட்டரும் சேர்ந்து தெரியும் பெரிய திரை நர்ஸ் மேசையில். அந்தத் திரைக்குப் போகும் கேபிள்கள் எல்லாம் என் ஐந்தாவது பெட்டியிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் திரை போகும் என்று சொன்னேன்.

"எவ்ளோ நேரம்?"

"கால் மணி ஆகும். கூடவும் ஆகலாம்."

"ரூம் கதவு எல்லாம் மூடிக் கீதுடி, ஏசிக்காக. உள்ள மானிட்டர் கத்தினா வெளிய கேக்காது. ஞாயித்துக்கெழம நானும் இன்னொரு பொண்ணும் தான். ஆள் கேட்டுப் பாக்கறேன்."

கேட்டாளாம். கிடைக்கவில்லை. "வுடு, ரூம் ரூமா சுத்திக்கினே இருக்கேன்" என்றாள். தட்டில் இருந்த மீன் துண்டை என் பக்கம் தள்ளினாள். கோவளத்தில் காலையில் வாங்கி, தானே வறுத்து எடுத்து வருவாள். கேன்டீன் மீன் அவளுக்கு மீனே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

லீவு போட்டுவிட்டேன். எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே வேறு மாதிரி நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

நேற்று காலை, மேல் மூன்றுக்கும் புது ஃபைலை ஏற்றினேன். கீழ் இரண்டிலும் பழையதை அழித்தேன். அழிக்கும்போது கை நின்றது, உண்மை. பிறகு அவற்றின் ஃபைலை ஏற்றிச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது என்றே காட்டியது. இன்டர்காமில் ஷபானாவைக் கூப்பிட்டு, "இப்போ போகுது" என்றேன். "ம்" என்றாள். ஐந்தையும் ஒன்றாக அணைத்து எழுப்பினேன்.

மூன்று எழுந்தன. நான்காவது, உயிரை வாங்கிவிட்டு, எழுந்தது. ஐந்தாவது எழவில்லை. மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. லேப்டாப்பை அதில் நேராக மாட்டிப் பார்த்தேன். தன்னுள் ஏற்றிய ஃபைலையே அதற்குப் படிக்கத் தெரியவில்லை. ஏன்? நான்காவதும் அதே மாடல், அதே ஃபைல். இப்போதும் எனக்குத் தெரியாது.

அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? செத்ததைச் செத்ததாக விட்டு, அதிலிருந்த கேபிள்களைப் பிடுங்கி மேலே காலியாக இருந்த இடங்களில் செருகியிருக்க வேண்டும். இடம் இருந்தது. நான் செய்யவில்லை. எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன். மறுபடி ஃபைலை அனுப்பினேன், அந்த ஒற்றைக் கம்பி வழியாக, எறும்பு ஊர்வதுபோல் ஏறியது. ஏறி முடித்து மறுபடி விழுந்தது. மறுபடி அனுப்பினேன்.

ஷபானா கூப்பிட்டாள். "திரை வர்லயே பிரதீபா."

"ரெண்டு நிமிஷம்."

ரெண்டு நிமிஷமாம். எதை வைத்துச் சொன்னேன்? எல்லாரும் சொல்வதுதானே, நானும் சொன்னேன்.

அவள் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் கேபிள் ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலே மாற்றினேன். அவசரத்தில் ஒன்றின் கொக்கி உடைந்தது. பாதி மாற்றும்போது வெளியே ஓடுகிற சத்தம். செருப்புச் சத்தம், பிறகு தள்ளுவண்டிச் சத்தம். நான் நிறுத்தாமல் மாற்றி முடித்துவிட்டு நர்ஸ் மேசைக்குப் போனேன். திரை வந்திருந்தது. எல்லா அறைகளுக்கும் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி அறைக்கு மட்டும்—

கேசவன் அவர் பெயர். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். மனைவி ராஜம் அப்போதுதான் கீழே காபி குடிக்கப் போயிருந்தார். அறைக்குள் மானிட்டர் கத்தியிருக்கிறது. கதவு மூடியிருந்தது. ஷபானா முதல் அறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"வரிசயா தான்டி வந்துகினு இருந்தேன். அவரு கடைசி ரூம்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தும் மூச்சு திரும்பவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. என் வீட்டுக்காரர் ராஜாராம் ஒருவரே களிமண் பிள்ளையார் வாங்கிவந்து, எருக்கமாலை போட்டு, கடையில் வாங்கிய கொழுக்கட்டையை வைத்துக் கும்பிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், எதையும் விட்டுவிட மாட்டார். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

சம்பத் சார் போன் செய்தார். லீவு நாளில். குரல் மெதுவாக இருந்தது.

"டாக்டரே சொல்லிட்டாரும்மா. மானிட்டர் இருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாருன்னு. மனச போட்டு ஒழப்பிக்காத."

அப்படித்தான் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

விசாரணை வைக்கிறார்கள். சம்பத் சார் தனியாகக் கூப்பிட்டு, சம்பவ நேரத்தில் நெட்வொர்க் சரியாக இருந்தது என்று எழுதித் தரச் சொன்னார். "நாலு பெட்டி ஓடிச்சு இல்ல? அப்போ நெட்வொர்க் இருந்திச்சு தானே? பொய்யி ஒண்ணும் இல்லியே."

தர மாட்டேன் என்றேன். என் குரல்தானா அது?

ராஜாராமிடம் சொன்னேன். "சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டா முழுசா சொல்லு. பாதில நிறுத்தாதே" என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

சொன்னேன். முழுசாக.

மருத்துவ இயக்குநர், நிர்வாகத்திலிருந்து ஒரு அம்மா, சம்பத் சார். ஏசி ஓடும் சத்தம் மட்டும். திரை இருண்டிருந்தது, அதை இருட்டாக்கியது நான், முதலில் கேபிளை மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை, பழைய பெட்டிகளில் தவறினால் திரும்ப வழியில்லை என்று முன்பே சம்பத் சாரிடம் சொன்னேன், வார்டுக்கு ஆள் கேட்டும் தரவில்லை. எல்லாம்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள தண்டிக்க யாரும் இங்க உக்காரல மேடம். மெஷின்னா ரிப்பேர் ஆவும்." பிறகு அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார், ரொம்பச் சாதாரணமாக:

"திரை போகப் போகுதுன்னு நர்ஸுக்கு முன்னாடியே சொல்லியிருந்தீங்களா?"

"சொல்லியிருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமையே சொன்னேன். அன்னிக்கும் சொன்னேன்."

எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் உறைத்தது. என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!

செப்டம்பர் 12, வெள்ளி

ஷபானாவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். திரை இயங்காது என்பது முன்பே தெரிவிக்கப்பட்டும் நோயாளியைக் கவனிக்கத் தவறியதால். 'முன்பே தெரிவிக்கப்பட்டும்' என் வாயிலிருந்து போனது.

எனக்கு ஒன்றும் இல்லை. எச்சரிக்கைகூட இல்லை.

மாடியில் அவள் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். செருப்பு, டிபன் டப்பா, ஒரு ஸ்வெட்டர். வார்டில் எப்போதும் குளிர் என்பாள். உதவிக்குப் பையைப் பிடித்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"நீ தப்பா இன்னாவும் சொல்லல. உண்மயத் தான் சொன்ன. அந்த உண்ம என் புள்ளைங்க சோத்துல மண்ணப் போட்டுச்சு."

"ஷபானா, நான் போய் மறுபடி பேசறேன்டி. ஆள் கேட்ட, குடுக்கல, அதையும் நான்—"

"நீ பேசாத. இனிமே என்னப் பத்தி எங்கயும் எதுவும் பேசாத. புண்ணியமாப் போவும்."

கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

செப்டம்பர் 15, திங்கள்

இயக்குநர் அறைக்குப் போனேன். "முடிஞ்ச விசயம்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஷபானா போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஷபானாவைப் பார்க்கக் கோவளத்துக்குப் போனேன். தெருமுனையிலேயே அவள் அம்மா பார்த்துவிட்டு எதிரே வந்தார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. "அது வூட்ல இல்லம்மா" என்றார். ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ நகர்ந்தார்கள். "எதுனா சொல்லணுமா?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்த பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். ராஜாராம் படித்தார். "நீ வேலைய விட்டுட்டு வந்துட்டா அவளுக்கு வேலை கிடைச்சுடுமா?" என்றார். கிடைக்காது. "அப்போ இது யாருக்காக?" காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். தினமும் அது என்னோடு ஆபீஸ் போய் வருகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கேசவனின் மனைவி ராஜம் அம்மாளைப் பார்க்கப் பூஞ்சேரிக்குப் போனேன். ஓய்வுக்குப் பிறகு அங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். அவரிடம் சொல்லிவிட்டால் ஏதாவது நடக்கும் என்று ஓர் எண்ணம். வழக்குப் போடுவார், கேள்வி கேட்பார், ஷபானா மீது பழியில்லை என்றாகும். பஸ்ஸில் உட்கார்ந்து என்னென்னவோ கட்டிக்கொண்டே போனேன்.

நான் யாரென்று தெரியாமலே உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. அன்று நடந்ததை, ஸ்விட்ச் என்றால் என்ன என்பதிலிருந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். பேச்சு முடிந்தபோது வாசலில் நிழல் நகர்ந்திருந்தது.

"அந்த நர்ஸ் பொண்ணு மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லைம்மா. அவ அழுததை நான் பார்த்தேன்."

"அதை ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா—"

"அந்த வாசப்படியை இனிமே என்னால மிதிக்க முடியாது."

பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கு அவர் 'போய்க் குடிச்சிட்டு வா'ன்னார். நான் போனேன். காபி நல்லாயிருந்தது. இன்னொண்ணு வாங்கிக் குடிச்சேன். உன் கம்பி, உன் பெட்டி எல்லாம் சரி. அந்த ரெண்டாவது காபியை நீ வந்து எடுத்துட்டுப் போக முடியுமா?"

முடியாது.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மறுபடி வராதேம்மா. கோபத்துல சொல்லலை. உன்னைப் பார்த்தா அன்னைக்குப் பொழுது மறுபடி விடியுது."

மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் சுற்றுலாக்காரர்கள் கூட்டம். ஒரு குடும்பம் எல்லாரும் நிற்கப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னது. எடுத்தேன். "சூப்பர்க்கா" என்றார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ராஜாராமும் கேட்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இரண்டாம் மாடிக்குப் புது ஸ்விட்ச்சுகள் வந்துவிட்டன. ஐந்தும் ஒரே மாடல். கேட்டபோது கிடையாது என்றவர்கள் கேட்காமலே வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது சம்பத் சார் பக்கத்தில் நின்றார். "இப்போ நிம்மதியா?" என்றார். கிண்டலா, உண்மையிலேயே கேட்டாரா, தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. அவரும் தூங்குவதில்லை போலிருக்கிறது. அதனால் எனக்கு என்ன? ஆறுதலா? இல்லை.

கழற்றிய பழைய பெட்டிகள் ஸ்டோர் ரூமுக்குப் போயின.

நவம்பர் 19, புதன்

ஒரு நர்ஸ் சொன்னாள், ஷபானா பொத்தேரியில் ஏதோ சின்ன கிளினிக்கில் இருக்கிறாளாம். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சல் பார்த்துக்கொண்டு. இங்கே வாங்கியதில் பாதிகூட வராதாம். பன்னிரண்டு வருடம் இதய வார்டில் இருந்தவள்.

நவம்பர் 30, ஞாயிறு

மூன்றாம் மாடியில் அதே ஃபர்ம்வேர் வேலை. அங்கேயும் அடுக்கில் இரண்டு மாடல். அங்கே புதிது வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் நானேதான். மற்றவர் கையில் கொடுக்கவும் மனமில்லை.

போன வாரமே சம்பத் சாரிடம் போய், அறைக்கு ஒரு நர்ஸ் நிற்காமல் தொட மாட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். வாயைத் திறப்பதற்குள், என்னைப் பார்க்காமலே, "எக்ஸ்ட்ராவா ஆளு போடச் சொல்லிட்டேன். வார்டு வயரெல்லாம் மொதல்ல வேற பெட்டிக்கு மாத்திடு, அப்பறமா கை வய்யி" என்றார். அவருக்கு எல்லாம் தெரிகிறது. செய்ய முடிகிறது. அன்றும் முடிந்திருக்கும்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாப் பெட்டிகளும் எழுந்தன, பழையவை உட்பட. எதுவும் நடக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"இவ்ளோ ஈஸியாக்கா? இதுக்கா இத்தன பேர நிக்க வச்சாங்க?"

டீயை வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ராஜாராம் கோயிலுக்குப் போயிருக்கிறார். மத்தியானம், ஏன் என்று யோசிக்காமல், ஷபானாவைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான்.

எடுத்தாள்.

"சொல்லு."

அவ்வளவுதான். பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு பையன் இருமினான். சொல்ல வைத்திருந்த எதுவும் வரவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தால் அவள் வைத்துவிடுவாள் என்று தோன்றியது.

"அடுத்தது யாருப்பா, உள்ள வா" என்று யாரையோ கூப்பிட்டாள். நாற்காலி இழுபடும் சத்தம். "எந்தக் கையி? சட்டய மேல தூக்கு." போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்திருக்கிறாள் போல, அவள் மூச்சு கேட்டது.

ஊசி போட்டு முடித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இன்னும் போனை வைக்கவில்லை. நானும்.